ஜன்னலில் நீண்ட கை

அறுபத்தொன்பதாம் வருஷம், பங்குனி மாதம். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. பெரியம்மைத் தடுப்பூசி போடும் வேலை. ஜனங்கள் எங்களை ‘அம்மை குத்துறவர்’ என்பார்கள். பரளச்சியைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்கள் என் பொறுப்பு. அருப்புக்கோட்டையிலிருந்து சைக்கிளிலேயே போய் வருவேன்.

அன்று நான் போன ஊரில் முப்பது வீடுகூட இருக்காது. பருத்தி எடுக்கும் சமயம், எல்லோரும் காட்டுக்குப் போயிருந்தார்கள். உச்சி வெயில். ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. பூட்டிய வீடுகளில் எத்தனை பேர் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து, காவிக் கட்டியால் சுவரில் எண் போட்டுவிட்டு, பிறகு ஒருநாள் வந்து ஊசி போடுவது எங்கள் வழக்கம். கடைசி வீடு பூட்டியிருந்தது. எதிரே மிளகாய் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன். புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள் என்றாள். நிமிர்ந்து பார்க்காமலே சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவது என் பழக்கம். ‘நாலு’ என்று சொல்லி எழுதினேன். கதவுக்கு அந்தப் பக்கம், என் காதுக்கு நேராக ஒரு குரல் மெதுவாகச் சொன்னது.

“அஞ்சுன்னு எழுதுங்க.”

பூட்டைப் பார்த்தேன். வெளியே பூட்டித்தான் இருந்தது. உள்ளே மூச்சு விடும் சத்தம் கேட்டது. பிறகு இரும்பு ஒன்று தரையில் உரசிக்கொண்டே தள்ளிப் போயிற்று. அவ்வளவுதான், சைக்கிளில் ஏறக்கூடத் தோன்றாமல் தள்ளிக்கொண்டே ஓடினேன். அந்த ஊர் தாண்டி வெகுதூரம் வந்த பிறகுதான் பெடலில் கால் வைத்தேன்.

ரிஜிஸ்டரில் நாலு என்றே எழுதினேன். யாரிடமும் வாய் திறக்கவில்லை. அம்மை குத்துகிறவன் மேல் அம்மனுக்குக் கோபம் என்று ஊரில் சொல்வார்கள். அதைக் கேட்டுச் சிரிக்கிற நான், அந்த வாரம் முழுக்கச் சரியாகத் தூங்கவில்லை.

எட்டு நாள் கழித்து மறுபடி போனேன். பருத்திக் காட்டிலேயே எல்லோரையும் நிறுத்தி ஊசி போட்டேன். அந்த வீட்டு நாலு பேரும் இருந்தார்கள். வீட்டில் வேறு யாராவது உண்டா என்று கேட்டதற்கு, புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டு இல்லை என்றார். பெண்டாட்டி பிள்ளையின் கையைப் பிடித்துக் காட்டினாள். சுற்றி நின்ற எல்லோரும் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். ஊருக்கே தெரிந்த ஏதோ ஒன்று எனக்கு மட்டும் தெரியவில்லை என்று புரிந்தது.

திரும்பும்போது வேறு வழி இருந்தது. ஆனாலும் அந்த வீட்டுப் பக்கமே போனேன். பக்கச் சுவரில் மரக்கம்பி வைத்த சின்ன ஜன்னல். சைக்கிளை நிறுத்தியதும் கம்பிகளுக்கு நடுவிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. தோள்வரை வந்து, ஊசிக்குக் காட்டுவதுபோலத் திரும்பி நின்றது. வெயிலே படாமல் வெளுத்த கை. நீளமான நகங்கள். முகம் இருட்டில் தெரியவில்லை.

எப்படிப் போட்டேன் என்று தெரியாது, ஊசி போட்டேன். கை ஒருமுறை உதறியது. உள்ளே போன பிறகு ஓர் ஆண் அழும் சத்தம் கேட்டது. அழுகையைக் கேட்ட பிறகுதான் என் பயம் விட்டது.

அன்று மாலையே எங்கள் சுகாதார நிலையத்து டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு நாளாக ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்டார்.

மறுநாள் விடியும்போது இருவரும் அந்த வீட்டு வாசலில் நின்றோம். வீட்டுக்காரர் இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டார். உள்ளே இருந்தது அவருடைய தம்பி. காதில் யாரோ பேசுகிறார்கள் என்று சொல்லி இரண்டு முறை கிணற்றில் குதித்தவர். காட்டுக்குப் போனால்தான் கஞ்சி, காவலுக்கு ஆளில்லை. அதனால் காலில் சங்கிலி. தம்பி தூத்துக்குடியில் வேலைக்குப் போயிருப்பதாக வெளியாட்களிடம் சொல்லிவைத்திருந்தார். ஊரே சேர்ந்து அந்தப் பொய்யைக் காப்பாற்றியது. அன்றைய சட்டத்தில் இப்படிப்பட்டவர்களை மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டு மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். பக்கத்து ஊரில் ஒரு பெண்ணைப் போலீசார் அப்படி வண்டியில் ஏற்றிப் போனதை இவர்கள் பார்த்திருக்கிறார்கள். அவள் திரும்பி வரவேயில்லை.

“போலீசுல சொல்லிராதீகம்மா. கட்டிப் போட்டாலும் எங்க கண்ணு முன்னாடி இருக்கான்,” என்றார் அண்ணன்.

“நான் யாருக்கும் எழுதப் போறதில்ல. மதுரையில இதுக்கு மாத்திரை தாராங்க, வீட்டுல வச்சே பாக்கலாம். ஆனா சங்கிலி கூடாது,” என்றார் டாக்டரம்மா.

அண்ணன் பிடியை விட்டுக் கதவைத் திறந்தார்.

மதுரைக்கு பஸ்ஸில் நானும் கூடப் போனேன். பிறகு மாதாமாதம் மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் சில மாதங்கள் சிரமம்தான். மாத்திரையால் கை நடுங்கும், எந்நேரமும் தூங்குவார். மழையில் பஸ் நின்று மாத்திரை தாமதமானபோது மறுபடி கிணற்றுப் பக்கம் போய்விட்டார். எதிர்வீட்டுப் பெண் பார்த்துக் கூப்பிட்டு வந்தாள். பகலில் அவள்தான் காவல். வற்றல் கிண்டும் வேலையை அவரிடமே கொடுத்துவிட்டாள். கதவு திறந்தே கிடந்தது. நோய் முழுக்கப் போகவில்லை. தனக்குள் பேசிக்கொண்டே ஆடு மேய்ப்பார். ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாலைந்து வருஷம் கழித்து, எனக்கு மாற்றல் வந்து விடைபெறப் போனபோது அவரே அந்தப் பேச்சை எடுத்தார்.

“அன்னைக்கு வாசல்ல கேட்ட ஒங்க சத்தத்தையும் என் தலைக்குள்ள பேசுறவுக சத்தம்னுதான் நெனச்சேன் சார். எட்டு நாளா அதே யோசனை. சோதிச்சுப் பாக்கத்தான் கைய நீட்டுனேன். ஊசி குத்துனப்பதான் வெளிய நெசமாவே ஆளு நிக்கிறாகன்னு தெரிஞ்சது.”

அவரைப் பேய் என்று நினைத்து நான் ஓடியிருக்கிறேன். நான் மனுஷன்தானா என்று தெரியாமல் அவர் உள்ளே காத்திருந்திருக்கிறார். அந்த எட்டு நாளை நினைத்து மன்னிப்புக் கேட்க அன்றும் எனக்கு வாய் வரவில்லை. எழுபதைத் தாண்டிய பிறகு, இப்போதுதான் இதை எழுதவாவது முடிகிறது.