மார்லிஸின் சட்டைவால்

மார்லிஸ் நீமிக்கு வயது ஐம்பத்தொன்பது. பள்ளிக்கூடத்துச் சமையலறையில் முப்பது வருஷமாக நூற்று நாற்பது பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவள். பிடித்தால் உடும்புப்பிடி. மிச்சிகனில் பெரிய ஏரிக்குத் தெற்கே இருக்கிற எங்கள் காட்டுப் பக்கம் பிடிவாதக்காரர்களுக்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. அவர்களை எல்லாம் ஒரு தட்டில் வைத்து மார்லிஸை மறு தட்டில் வைத்தால் அவள் தட்டுதான் கீழே இறங்கும்.

அவளுடைய அண்ணன் ஆர்விட்டுக்குக் காட்டுக்குள் ஒரு வேட்டைக் குடில் உண்டு. ஒற்றை அறை, விறகு அடுப்பு, அடுக்குக் கட்டில்கள், வெளியே சவுனா என்கிற நீராவிக் குளியலறை. முப்பத்தொரு வயதில் முதல் தடவையாக அங்கே போனபோது, வந்திருந்த ஆம்பிளைகள் அவள் கையில் சட்டியைக் கொடுத்தார்கள். "வருஷத்துல ஒம்பது மாசம் ஊருக்கே வடிச்சுக் கொட்டுறேன். இங்கயும் கரண்டி பிடிக்கணும்னா நான் வீட்டுலயே கிடந்திருப்பேனே" என்று சொல்லி, சட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வில்லோடு வெளியே போய்விட்டாள். அன்றிலிருந்து அவளைச் சமைக்கச் சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை. 'சமையக்கட்டு ராணி' என்ற பட்டப்பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

மற்றவர்கள் ஒவ்வொருவராய்க் கழன்றுபோய், இப்போது அந்தக் குடிலில் மூன்றே பேர்தான். மார்லிஸ், ஆர்விட், ஓய்வுபெற்ற தபால்காரர் டெல்பர்ட். மார்லிஸிடமும் ஆர்விட்டிடமும் இருப்பது பழைய மாதிரி மர வில். நாணை இழுத்துக் கன்னத்தோரம் நிறுத்தி, கண்ணையும் கையையும் நம்பி விட வேண்டியதுதான். டெல்பர்ட்டுக்கு நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து குறுக்குவில். துப்பாக்கி மாதிரி கட்டை, விசை, குறி பார்க்கிற கண்ணாடி எல்லாம் அதில் உண்டு. கிணற்று ராட்டினம் போல ஒரு கைப்பிடியைச் சுற்றினால் நாண் தானாக ஏறிக்கொள்ளும். அதன் பிறகு பலமே வேண்டாம், விரல் அசைந்தால் போதும்.

அந்தக் குறுக்குவில்லை மார்லிஸ் படுத்தியபாடு கொஞ்சநஞ்சமில்லை. "துப்பாக்கிக்கும் வில்லுக்கும் கள்ளத்தனமாப் பொறந்த புள்ள" என்பாள். "டெல்பர்ட்டு, அதுக்குச் சாவி குடுத்துட்டு நீ போய்த் தூங்கு, மானே வந்து விசைய அமுக்கிக்கும்" என்பாள். நெஞ்சில் கத்தி வைத்த மனுஷனை இப்படியா பேசுவது? டெல்பர்ட் கோபப்படவே மாட்டார். காபியை உறிஞ்சிக்கொண்டு சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

குடிலுக்கு இரண்டு சட்டம் உண்டு. முதல் சட்டம் மார்லிஸே போட்டது. வேட்டைக்குக் கிளம்புகிற ஒவ்வொரு காலையும், முன்னால் விட்டுப் பழகிப் பார்க்காமல், தூக்கக் கலக்கத்தோடு ஒரே ஒரு அம்பு விட வேண்டும். இருபது தப்படியில் வைக்கோல் கட்டில் குத்தி வைத்த காகிதச் சாப்பாட்டுத் தட்டில் அது படவேண்டும். மானின் உயிர்நிலை அந்தத் தட்டு அகலம்தான். தட்டில் பட்டால் காட்டுக்குப் போகலாம். படாவிட்டால் அன்றைக்கு உருளைக்கிழங்கு உரிக்கலாம். ஒரு நாளைக்கு ஒரு அம்பு, ஒரு வில். கெஞ்சினாலும் இரண்டாவது கிடையாது.

இரண்டாவது சட்டம் எங்கள் பக்கத்து எல்லாக் குடிலிலும் உள்ளது. மானைப் பார்த்து அம்பு விட்டுத் தவறியவனின் சட்டைவாலைக் கத்தரித்து, பேரும் தேதியும் 'தப்பியது' என்ற சொல்லும் எழுதிச் சுவரில் அறைந்துவிடுவார்கள். ஆர்விட்டின் சுவரில் அப்படிப் பதினேழு துணி தொங்குகிறது. அதில் கடைசியாகத் தொங்கும் பச்சைக் கட்டம் போட்ட துண்டு மார்லிஸுடையது, போன அக்டோபர் இரண்டாம் தேதி அறைந்தது.

அந்தத் துண்டில் இருந்ததுதான் பொய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த பொய்.

போன வருஷம் நடந்தது இது. முந்திய குளிர்காலத்தில் பள்ளிக்கூடத்துப் பின்வாசல் பனியில் வழுக்கி விழுந்ததில் அவளுடைய வலது தோளில் தசைநார் கிழிந்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரையை விழுங்கிவிட்டு வேட்டைக்கு வந்தாள். சாயங்காலம் ஓடைக்கரைப் பரணில் இருக்கும்போது ஒரு இளம் ஆண் மான் பதினெட்டுத் தப்படியில் வந்து நின்றது. நாணை முக்கால்வாசி இழுத்ததுமே தோள் கையை விட்டுவிட்டது. அம்பு தானாகக் கழன்று பாய்ந்து மானின் வயிற்றில் பட்டது. கீழே இறங்கி அம்பை எடுத்து முகர்ந்தாள். பச்சை நாற்றம். குடலில் பட்ட மான் உடனே சாகாது, மணிக்கணக்காக வேதனைப்பட்டுச் சாகும்.

குடிலுக்கு ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் தவறியது என்று கேட்பார்கள். தோள் கதை வெளியே வரும். "போதும், இனி நீ வில்லைத் தொடாதே" என்பார்கள். அவள் ஓடையில் அம்பைக் கழுவிவிட்டு வந்து, "தப்பிடுச்சு" என்றாள். ஆர்விட்டும் டெல்பர்ட்டும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கத்தரிக்கோல் வந்தது, பச்சைக் கட்டச் சட்டை வால் இழந்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். மறுநாள் விடிந்ததும் தனியாகப் போய்த் தேடினாள். அதற்கும் மறுநாள்தான் அண்டங்காக்கைகள் வட்டமிட்டு இடத்தைக் காட்டிக் கொடுத்தன. ஓடைக்கு அந்தப்புறம், முந்நூறு தப்படிகூட இல்லை. மூன்று பேர் வரிசை கட்டித் தேடியிருந்தால் முதல் நாளே கிடைத்திருக்கும். இறைச்சி ஒன்றுக்கும் உதவாமல் போயிருந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அன்றைக்கு ஒரு சபதம் எடுத்தாள். இனி ஒரு மான் தன் கையால் வயிறு கிழிந்து ஓடக்கூடாது. அடித்தால் அது நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே விழ வேண்டும், இல்லாவிட்டால் வில்லைத் தொடவே கூடாது.

மார்ச் மாதம் தோளில் ஆபரேஷன் ஆனது. மே மாதம் சமையலறைக் கதவுப் பிடியில் ரப்பர்ப் பட்டையைக் கட்டி இழுக்க ஆரம்பித்தாள். பிள்ளைகள் வரிசையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பிறகு இருபது பவுண்டு இழுவையுள்ள சின்னப்பிள்ளை வில், அப்புறம் இருபத்தெட்டு, அப்புறம் முப்பத்திரண்டு. உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்த பெண் போதும் போதும் என்றாள். மார்லிஸ் கேட்கிற ஆளா? செப்டம்பர் கடைசியில் முப்பத்தெட்டுப் பவுண்டு மர வில்லை முழுசாக இழுத்தாள். இழுத்தாள்தான், ஆனால் பிடித்து நிறுத்த முடியவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் கை நடுங்கியது. மான் தலையைத் தூக்கிப் பார்த்தால் மூன்று எண்ணும் வரையாவது அசையாமல் நிற்க வேண்டும். அது வேட்டைக்காரர் எல்லோருக்கும் தெரியும்.

அக்டோபர் முதல் தேதி விடிந்தது. புல்லெல்லாம் பனி பூத்துக் கிடந்தது. ஆர்விட் முதலில் விட்டார், தட்டில் பட்டது. டெல்பர்ட்டின் குறுக்குவில் தட்டின் நடுவில் துளை போட்டது. மார்லிஸ் வழக்கமாக அதற்கு ஒரு குத்தல் வைத்திருப்பாள். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. தன் மர வில்லை எடுத்தாள், இழுத்தாள், நடுக்கம் வருவதற்கு முன்னாலேயே அவசரமாக விட்டாள். அம்பு தட்டின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு நின்றது.

"பட்டாச்சு!" என்றார் ஆர்விட். முதுகில் தட்டினார். "ஆபரேஷனாவது ஒண்ணாவது. சமையக்கட்டு ராணி வந்துட்டா. வா, காபி ஆறுது."

சட்டப்படி பட்டதுதான். காட்டுக்குப் போகலாம், யாரும் கேட்கமாட்டார்கள். மார்லிஸ் வைக்கோல் கட்டுக்குப் போய் அம்பைப் பிடுங்கினாள். கிழிந்த ஓரத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். இன்னும் இரண்டு விரல் தள்ளியிருந்தால் அது குடல். அந்த நாற்றம் மூக்கில் ஏறியது போல இருந்தது அவளுக்கு.

உள்ளே வந்து காபியைத் தொடாமல் நின்றாள். "டெல்பர்ட்டு, உன் குறுக்குவில்லைக் குடு" என்றாள்.

டெல்பர்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். ஆர்விட்டுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கள்ளப்பிள்ளையை இப்போ தத்தெடுக்கிறியா என்றார், தட்டில் அடித்தவளுக்கு இது எதுக்கு என்றார், ஊருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்றார். அவர் கேலி செய்து முடிக்கிற வரைக்கும் மார்லிஸ் பொறுத்தாள். அப்புறம் சுவருக்குப் போய், பச்சைக் கட்டத் துண்டை ஆணியிலிருந்து பிடுங்கி, மேஜைமேல் போட்டாள்.

"இது தப்பின அம்பு இல்ல. வயித்துல பட்டுச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் உங்ககிட்ட தப்பிடுச்சுன்னு சொன்னேன்."

தோள், ஓடை, கழுவிய அம்பு, அண்டங்காக்கை என்று ஒன்று விடாமல் சொன்னாள். நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் சொன்னாள்.

ஆர்விட் முகத்தில் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "நாங்க ரெண்டு பேரும் இங்கதான உக்காந்திருந்தோம், மார்லிஸ்" என்றார். "விளக்க எடுத்துக்கிட்டு வந்திருப்போமே. நான் உன் சட்டையக் கத்தரிச்சுக்கிட்டுச் சிரிச்சிருக்கேன், அது அங்க கிடந்து செத்துக்கிட்டு இருந்திருக்கு." முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் எதிர்பார்த்ததைவிட அது சுட்டது. சுடட்டும் என்று நின்றாள்.

டெல்பர்ட் எழுந்து வெளியே போனார். அவரும் கோபித்துக்கொண்டார் என்றுதான் மார்லிஸ் நினைத்தாள். அவர் பெட்டியோடு திரும்பி வந்து, குறுக்குவில்லைத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இன்னைக்கு உன் அம்பு முடிஞ்சுபோச்சு. சட்டம் நீ போட்டது" என்றார். "நாளைக்குக் காலைல இதால தட்டுல அடி, எடுத்துக்கிட்டுப் போ. இன்னைக்கு உருளைக்கிழங்கு."

இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக மார்லிஸ் அந்தக் குடிலில் கத்தியை எடுத்து உருளைக்கிழங்கு உரித்தாள். ஒரு சுடுசொல் இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை. வேட்டை தொடங்கும் நாளை அப்படியே விட்டுக்கொடுத்தாள். மத்தியானம் டெல்பர்ட் வந்து குறுக்குவில்லைக் கையில் கொடுத்து விவரம் சொன்னார். விசையை இழுத்ததும் அதன் இரண்டு கைகளும் வெடுக்கென்று அசையும், பரண் கம்பியிலோ மரத்திலோ இடித்தால் அம்பு எங்கேயோ போகும், முதல் வருஷம் நான் அப்படித்தான் சட்டைவாலை இழந்தேன் என்றார். அவள் சொன்னதைச் சொன்னபடி மூன்று தடவை செய்து காட்டினாள்.

மறுநாள் காலை முதல் அம்பு தட்டின் நடுவில் பட்டது. யாரும் கைதட்டவில்லை. மார்லிஸ் தலையை ஆட்டிவிட்டு ஓடைக்கரைப் பரணுக்குப் போனாள். அதே பரண்தான். வேறு பரணுக்குப் போகலாமே என்று ஆர்விட் சொல்லிப் பார்த்தார். மாட்டேன் என்றுவிட்டாள்.

பகலெல்லாம் ஒன்றும் வரவில்லை. வெயில் சாய்கிற நேரம் ஒரு பெண் மானும் குட்டியும் வந்து நீர் குடித்துவிட்டுப் போயின. குட்டியோடு இருப்பதை அவள் தொடமாட்டாள். அப்புறம் ஒரு ஆண் மான் தேவதாரு மறைவிலிருந்து வெளிப்பட்டு இருபத்திரண்டு தப்படியில் பக்கவாட்டாக நின்றது. தலையைத் தூக்கி அவள் பக்கம் பார்த்தது. மர வில்லாக இருந்தால் இந்நேரம் தோள் நடுங்கியிருக்கும். குறுக்குவில் பரண் கம்பியில் சாய்ந்து அசையாமல் கிடந்தது. இரண்டு கையும் இடிக்காதபடி பார்த்துக்கொண்டாள். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினாள். நான்கு, ஐந்துகூட எண்ணினாள். மான் தலையைத் தாழ்த்தியது. விசையை இழுத்தாள்.

மான் துள்ளி, பத்துப் பதினைந்து பாய்ச்சல் ஓடி, கண்ணெதிரே பெரணிப் புதருக்குள் விழுந்தது. பிறகு அசையவில்லை. செத்துவிட்டது என்று தெரிந்தும், வழக்கப்படி அரைமணி நேரம் பரணிலேயே உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் வந்துகொண்டே இருந்தது. இது சந்தோஷமா துக்கமா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பிறகு போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள். "அடிச்சுட்டேன். விழுந்ததக் கண்ணால பாத்தேன். இருந்தாலும் ரெண்டு பேரும் வாங்க" என்றாள்.

இருவரும் வந்தார்கள். அவளுக்கு வலது கையால் இழுக்க முடியாது. ஆர்விட் ஒரு கொம்பையும் அவள் இடது கையால் மறு கொம்பையும் பிடித்து இழுத்தார்கள். டெல்பர்ட் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு விளக்கும் வில்லும் சுமந்து வந்தார். கள்ளப்பிள்ளை பரவாயில்லையே என்று வழியில் அவர் கேட்டார். பரவாயில்லை, அப்பனைவிட அழகு என்றாள் மார்லிஸ். அப்போதுதான் ஆர்விட் சிரித்தார்.

மர வில்லை அவள் விட்டுவிடவில்லை. இன்றைக்கும் தினம் காலையில் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் மூன்று அம்பு விடுகிறாள். நடுங்காமல் மூன்று எண்ணுகிற வருஷம் அதைக் காட்டுக்குக் கொண்டுபோவாள். அதுவரைக்கும் குறுக்குவில்தான். யாராவது கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும் என்பாள்.

அன்றைக்குக் குடிலுக்குத் திரும்பியதும் ஆர்விட் மேஜைமேல் கிடந்த பச்சைக் கட்டத் துண்டை எடுத்து அடுப்புப் பக்கம் நகர்ந்தார். எரித்துவிட்டால் விஷயம் முடிந்தது என்று நினைத்திருப்பார். மார்லிஸ் அதை அவர் கையிலிருந்து வாங்கினாள். 'தப்பியது' என்ற சொல்லைக் கோடு போட்டு அடித்தாள். கீழே 'அடித்தேன், சொல்லவில்லை' என்று எழுதி, அதே ஆணியில் அறைந்தாள். குடிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் சுவரைப் படித்துச் சிரித்துக்கொண்டே வந்து, கடைசித் துண்டில் நின்று, இது என்ன என்று கேட்பார்கள். அண்ணனும் டெல்பர்ட்டும் பேச்சை மாற்றப் பார்ப்பார்கள். மார்லிஸ் விடமாட்டாள். கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, எதிரே உட்காரச் சொல்லி, முதலிலிருந்து சொல்லுவாள்.