கேத்தில் வற்றாத வீடு

எங்கள் ஊர்த் தண்ணீரை யாராவது குறை சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். இவ்வளவு நடந்த பிறகும் வருகிறது, என்ன செய்ய? புல்மோட்டை வீதியில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவள் நான். பஸ் டிரைவர்மார் இறங்கி நின்று ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு, "அக்கா, என்ன தேயிலை போடுறீங்கள்?" என்று கேட்பார்கள். தேயிலை எல்லாக் கடையிலும் இருக்கிற தேயிலைதான். தண்ணீர்தான் வேறு. கடல் இரைகிற சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்துகொண்டு ஒரு துளியும் உப்புக் கரிக்காத தண்ணீர் எங்களுடையது.

ஊருக்கு நடுவே, வெங்காயத் தோட்டங்களுக்குள், பெரிய பொதுக்கிணறு ஒன்று இருக்கிறது. அதிலிருந்து மோட்டர் போட்டுத் தாங்கிக்கு ஏற்றி, பைப்பில் வீடு வீடாக விடுகிறோம். ஊரவர்களே சேர்ந்து நடத்துகிற தண்ணீர்ச் சங்கம் அதைப் பார்த்துக்கொள்கிறது. குளோரின் போடுவார்கள். சுகாதாரப் பரிசோதகர் இடைக்கிடை வந்து, பைப்பில் போத்தல் பிடித்துக் கொண்டுபோய்ச் சோதித்து, கிருமி இல்லை என்று சொல்லுவார். அதற்குமேல் ஒரு ஊருக்கு என்ன வேண்டும் என்றுதான் நாங்கள் இருந்தோம்.

பிறகு என் தங்கைக்குப் பிள்ளை பிறந்தது. பல வருஷம் பார்த்திருந்து, மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்து, கடைசியில் வயிற்றைக் கீறி எடுத்த பிள்ளை. பெண் பிள்ளை. என் வீட்டுக்கு அடுத்த வீட்டில்தான் தங்கை இருக்கிறாள். அவள் புருஷன், என் மச்சான், வெங்காயம் செய்கிறவர். கிணற்றை ஒட்டிய தோட்டம் அவருடையது. அவருடைய மூத்த அக்காவும் அவர்களோடுதான். தங்கைக்கு மச்சாள். நானும் மச்சாள் என்றே கூப்பிடுவேன். கைசுத்தமான, வாய் நீளமான மனுஷி. வாயில் எனக்குக் கொஞ்சமும் குறைந்தவரில்லை.

பிள்ளை பெற்ற வீட்டில் கேத்தில் காலியாகக் கூடாது. அது எங்கள் பக்கத்து வழக்கம். தாய்க்குக் குடிக்க, பிள்ளைக்குப் பால் கரைக்க, துணி அலச, எல்லாவற்றுக்கும் அந்தச் சுடுதண்ணீர்தான். விடிய அடுப்பில் ஏற்றினால் படுக்கும்வரை கொதித்துக்கொண்டே இருக்கும். குறையக் குறைய மேலே ஒரு செம்பு ஊற்றுவார்கள். அடிவரை கவிழ்த்து ஊற்றினால் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். ஏன் ஆகாது என்று கேட்டால் மச்சாள் முறைப்பார். நானும் போகிற வருகிற நேரமெல்லாம் ஒரு செம்பு ஊற்றியிருக்கிறேன். ஊரில் ஊற்றாதவர் யார்?

தங்கைக்கு மார்பில் பால் கட்டிக் காய்ச்சலாகி, பிறகு பால் வற்றியே போய்விட்டது. பால்மா கொடுக்கச் சொன்னார்கள். அவள் அதற்காக அழுத அழுகை கொஞ்சமல்ல. "பால் இல்லாட்டிலும் பிள்ளையைக் கவனமாப் பாத்துக் காட்டுவன்" என்று என்னிடம் சொன்னாள். அப்படியே பார்த்தாள். போத்தலை அவிப்பாள், கரண்டியை அவிப்பாள், கேத்தில் கொதிப்பதை நின்று பார்ப்பாள். "அடியே, கேத்தில் எங்கேயும் ஓடிடாது, போய்ப் படு" என்று நான் பகிடி பண்ணுவேன்.

ஒரு காலையில் நான் கடையில் ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டு நின்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் தங்கை கத்தினாள். கையில் மாவோடு ஓடிப்போனேன். பிள்ளையின் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. நகமும் அப்படித்தான். பிள்ளை அழவில்லை, சோர்ந்து கிடந்தது. கொஞ்ச நாளாகவே நிறம் மங்கித்தான் இருந்தது. கறுத்துக்கொண்டு வருகிறாள், தகப்பன் நிறம் என்று சிரித்திருக்கிறோம்.

ஓட்டோ பிடித்தோம். மச்சான் மோட்டர் சைக்கிளில் பின்னால் வந்தார். நடுவில் தங்கை பிள்ளையோடு, இரண்டு பக்கமும் நானும் மச்சாளும். நிலாவெளி தாண்டவில்லை, மச்சாள் தொடங்கிவிட்டார்.

"தண்ணி ஒழுங்காக் கொதிக்க வைச்சனீயோ?"

"வைச்சனான் மச்சாள்."

"நான் தோட்டத்துக்குப் போற நேரம் பச்சத்தண்ணியில கரைச்சுக் குடுத்திருப்பாய். சோம்பல்."

"சத்தியமாக் கொதிக்க வைச்சனான் மச்சாள். மாதாவாணை."

"வாயை மூடுறீங்களோ, இல்லையோ!" என்று நான் போட்ட சத்தத்தில் ஓட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். மச்சாள் மூடினார். பிறகு பையிலிருந்து சுடுதண்ணீர்ப் போத்தலை எடுத்து மூடியில் கொஞ்சம் ஊற்றி, ஊதி ஊதி ஆற்றினார். எனக்கு விளங்கிவிட்டது. பிள்ளைக்கு இன்னும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. சாகப்போகிற பிள்ளைக்கு யாரும் கொடுக்கலாம். "விசர் வேலை பாக்காதேங்கோ, பிள்ளைக்கு ஒண்டும் வராது" என்று அவர் கையைப் பிடித்தேன். தங்கைதான், "விடு அக்கா, ஊத்தட்டும்" என்றாள். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேரால் அந்தக் கேத்தில் தண்ணீரைத்தான் பிள்ளையின் தலையில் ஊற்றினோம். பிள்ளை முனகியது. அந்த முனகல் கேட்டதில் மூன்று பேரும் ஓவென்று அழுதோம்.

திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியில், முக்காடு போட்ட ஓர் இளம் டொக்டர் பிள்ளையைப் பார்த்தார். அவர் மூதூர்ப் பக்கத்தவர் என்று பிறகு அறிந்தேன். ஒட்சிசன் வைத்தும் நிறம் திரும்பவில்லை. இரத்தம் எடுத்தபோது நானும் கண்டேன். சிவப்பாக இல்லை, சொக்லேட் கரைத்த நிறம். டொக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு தங்கையிடம், "எந்தத் தண்ணியில பால் கரைக்கிறனீங்கள்?" என்று கேட்டார்.

தங்கை எழும்பி நின்றாள். "எங்கட ஊர்ப் பைப் தண்ணி டொக்டர். சத்தியமாக் கொதிக்க வைச்சனான். கேத்தில் அடுப்பால இறங்கினதே இல்லை. வத்த வத்த ஊத்தி ஊத்திக் கொதிக்க வைச்சனான்."

டொக்டர் பிள்ளையின் நகத்தை இன்னொருமுறை பார்த்தார். "ஊரில வெங்காயம் செய்யிறவையோ?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றோம்.

ஊசியில் கடும் நீல மருந்து ஒன்று ஏற்றினார்கள். நீலம் பாய்ந்த பிள்ளைக்கு நீல மருந்தா என்று நான் தாதியோடு சண்டைக்குப் போய், வெளியே நிற்கச் சொல்லி அனுப்பப்பட்டேன். திரும்ப உள்ளே விட்டபோது பிள்ளையின் உதடு சிவந்திருந்தது. வாய் திறந்து வீரிட்டு அழுதாள். அந்த மருந்து மூத்திரத்தில் இறங்கி, அன்று முழுதும் அவளுடைய நப்பித் துணி நீலமும் பச்சையுமாக நனைந்தது. அதைப் பார்த்து நாங்கள் பட்ட சந்தோஷத்தை என்னவென்று சொல்ல!

பிறகு டொக்டர் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்து எங்களுக்கு விளங்கப்படுத்தினார். "கொதிச்சால் கிருமி சாகும் அக்கா. உரத்தால வாற நைத்திரேற்று சாகாது. தண்ணி ஆவியாப் போகும், அது கேத்திலுக்குள்ளயே நிக்கும். மேல மேல ஊத்த இன்னும் கூடும். பெரியாக்களுக்கு இவ்வளவு கெடுதல் செய்யாது. ஆறு மாதம் வராத பிள்ளையின்ர இரத்தம் தாங்காது."

குழம்பு வற்றினால் உப்புக் கூடும் என்று குசினியில் நிற்கிற எவளுக்கும் தெரியும். அது கேத்திலுக்கும் பொருந்தும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்றுதான் நினைத்தேன். வெறும் தண்ணீர் வற்றினால் மிஞ்ச என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டோம்.

அன்று பின்னேரம் வாட்டு விறாந்தையில் தங்கை என் தோளில் சாய்ந்திருந்தாள். "நான் கவனமில்லாதவளா இருந்திருந்தால் பிள்ளைக்கு இவ்வளவு வந்திராது, என்ன அக்கா?" என்றாள்.

சுகாதாரப் பரிசோதகர் வந்து பைப் தண்ணீரும் கேத்தில் தண்ணீரும் கொண்டுபோனார். பைப் தண்ணீரிலேயே அந்த நைத்திரேற்று கூட இருந்தது. கேத்திலில் அதைவிட மிக மோசம். இதுவரை கிருமியைத்தான் தேடியிருக்கிறார்கள், இதைத் தேடவில்லை. சங்கக் கூட்டத்தில் அவர் இதைச் சொன்னபோது ஊர் கொதித்தது. இந்தத் தண்ணி குடிச்சுத்தானே நாங்கள் வளந்தனாங்கள், ஊருக்குக் கெட்ட பேர் வைக்கிற கதை கதைக்காதேங்கோ என்றார்கள். வேறு நாளென்றால் நானே முதல் ஆளாக எழும்பிக் கத்தியிருப்பேன். அன்று மச்சான்தான் எழும்பினார். கூட்டத்தில் வாய் திறக்காத மனிதர்.

"ஐயா, என்ர யூரியாவோ? என்ர தோட்டம்தான் கிணத்துக்குக் கிட்ட."

"ஒருத்தரைச் சொல்ல ஏலாது தம்பி" என்றார் பரிசோதகர். "எல்லாற்ற உரமும், எல்லாற்ற கக்கூசுக் குழியும். மணல் தரை, எல்லாத்தையும் கீழ விட்டிடும்."

மச்சான் தலையாட்டினார். ஆனால் அந்தப் போகம் கிணற்றுப் பக்கத்துப் பாத்திகளுக்கு உரம் போடவில்லை. வெங்காயம் கோலிக்குண்டு அளவில் வந்தது. "பிள்ளைக்குக் காப்புச் செய்யத்தான் போன போகம் ரெண்டு மூட்டை யூரியா கூடப் போட்டனான் அக்கா" என்று ஒருநாள் கடையில் சொன்னார். தேத்தண்ணீரைக் குடிக்காமலே எழும்பிப் போனார்.

கைக்குழந்தைக்கு மட்டும் டவுனிலிருந்து பிளாஸ்டிக் கானில் தண்ணீர் எடுப்பது, தோட்டங்களைக் கிணற்றிலிருந்து தள்ளிச் செய்வது என்று சங்கம் முடிவெடுத்தது. முதலாவது பரவாயில்லாமல் நடக்கிறது. இரண்டாவது இன்னும் கூட்டத்தில்தான் இருக்கிறது. கடைக்கு வருகிறவர்கள் சிலர் கிளாசைத் தூக்கிப் பார்த்து, "இது அந்தத் தண்ணியோ?" என்பார்கள். "அந்தத் தண்ணிதான். நீங்கள் என்ன, போத்தல்பால் குடிக்கிறீங்களோ?" என்று கொடுத்துவிடுவேன். ஆனாலும் முன்னைப்போலப் பெருமை பேச வாய் வருவதில்லை.

மச்சாள் தங்கையிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியால் வந்த அன்று கேத்திலைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்ச் சாம்பல் போட்டு விரல் தேயத் தேய்த்தார். அதுதான் மச்சாளின் மன்னிப்பு என்றாள் தங்கை. எனக்கு அது காணாது.

அந்தப் பிள்ளை இப்போது பாலர் பாடசாலைக்குப் போகிறாள். போன மாதம் எங்கள் ஒழுங்கையில் ஒரு பெட்டைக்குப் பிள்ளை பிறந்தது. பார்க்கப் போனோம். குசினி வாசலில் டவுன் தண்ணீர்க் கான் திறக்காமல் இருந்தது. அது முடிந்துபோகும் என்று பிள்ளை தண்ணீராகக் குடிக்க மட்டும் ஒதுக்கிவிட்டு, பாலுக்குப் பைப் தண்ணீரைத்தான் கொதிக்க வைக்கிறார்களாம். அடுப்பில் கேத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் பால்போத்தல்.

தங்கை கேத்திலையே பார்த்தாள். "எவ்வளவு நேரமாக் கொதிக்குது?" என்று கேட்டாள்.

பெட்டை பயந்துபோனாள். தன்னை யாரோ குற்றம் சொல்லப்போகிறார்கள் என்று அவள் முகத்தில் தெரிந்தது. "விடியவிலிருந்து அக்கா" என்றாள். "சத்தியமாக் கொதிக்க வைச்சனான். இறக்கவே இல்லை."

ஓட்டோவில் கேட்ட குரல் அப்படியே.

"தெரியும் பிள்ளை" என்றாள் தங்கை. "நானும் அப்பிடித்தான் வைச்சனான். உன்னில ஒரு பிழையும் இல்லை."

பிறகு சீலைத்தலைப்பால் பிடித்துக் கேத்திலை இறக்கி, பின்வாசலுக்குக் கொண்டுபோய், அடிவரை கவிழ்த்து ஊற்றினாள்.