பஸீனா மிஸ்ஸின் இரண்டாவது கதிரை

யாழ்ப்பாணத்தில் எங்கள் பல்கலைக்கழகத்தின் இரசாயனவியல் துறையில் விரிவுரையாளர் அறைகள் ஒன்பது. எட்டு அறைகளில் போகிறவர் நின்றபடியே கதைத்துவிட்டு வரவேண்டும். பஸீனா மிஸ்ஸின் அறையில் மட்டும் இரண்டாவதாக ஒரு நீலப் பிளாஸ்ரிக் கதிரை இருந்தது. அவருடைய கதையை அந்தக் கதிரையிலிருந்துதான் தொடங்கவேண்டும். முதலாம் வருடத்தில் நானும் அதில் இருந்திருக்கிறேன்.

புத்தூரில் எங்கள் குடும்பத்திலிருந்து கம்பஸ் படி ஏறிய முதல் ஆள் நான். என் பட்டமளிப்புப் படத்தை அப்பா சாமிப்படத்துக்குப் பக்கத்தில், அதைவிட அரையடி உயரத்தில் மாட்டியிருக்கிறார். ஆனால் முதல் நாள் ஆய்வுகூடத்தில் என்னிடம் கேட்கப்பட்ட முதற் கேள்வி, "புத்தூரிலை எவ்விடம்?" என்பதுதான். எங்கள் பக்கத்தில் இது விலாசம் விசாரிப்பதல்ல. எந்தக் கோயிலடி, எந்தக் குளத்தடி என்று சொன்னால் சாதி தெரிந்துவிடும். "சந்திக்குக் கிட்ட" என்று சொல்லித் தப்பினேன். அன்றிலிருந்து எவர் கேட்டாலும் சந்திக்குக் கிட்டதான்.

பஸீனா மிஸ் அதைக் கேட்கவில்லை. ஆங்கில விரிவுரை விளங்காமல் முழித்துக்கொண்டு நின்ற என்னை நீலக் கதிரையில் இருத்தி, பால் போடாத தேத்தண்ணி தந்து, ஒரு மாதம் பின்னேரங்களில் பாடத்தைத் தமிழில் சொல்லித் தந்தார்.

அவருடைய தாய் தகப்பன் யாழ்ப்பாண நகரத்துச் சோனகர். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு சேர்த்து, உடுத்த உடுப்போடு ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டவர்கள். புத்தளத்து முகாம் ஒன்றில், கிடுகுக் கொட்டிலில் மிஸ் பிறந்தார். அங்கே அயலாரோடு பழகிச் சிங்களம் சரளமாக வந்தது. யுத்தம் முடிந்து குடும்பம் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை. மிஸ் இங்கேயே படித்து, முதல் வகுப்பில் சித்தியடைந்து, தகுதிகாண் விரிவுரையாளர் ஆனார். எட்டு வருடத்துக்குள் கலாநிதிப் பட்டம் எடுக்கவேண்டும். இல்லையென்றால் பதவி போய்விடும்.

ஆய்வுக்குச் சுன்னாகத்து வெங்காயத் தோட்டக் கிணறுகளின் நீரை எடுத்திருந்தார். ஆனால் அந்த எட்டு வருடமும் கிணற்றடியில் கழியவில்லை. தெற்கிலிருந்து வந்த மாணவனுக்கு டெங்கு என்றால், மிஸ்ஸுக்குச் சிங்களம் தெரியும், மிஸ் போகவேண்டும். முஸ்லிம் பிள்ளைகளுக்குத் தொழ ஓர் அறை வேண்டுமென்றால் மிஸ். சக்கரநாற்காலிப் பிள்ளைக்குச் சாய்தளம் கட்டுவிக்க ஏழு கடிதம், அதுவும் மிஸ். துறைக்குச் சமத்துவக் குழு என்று ஒன்று வந்தபோது இணைப்பாளர் யாரென்று ஒருவரும் யோசிக்கவேயில்லை.

சென்ற கார்த்திகை முப்பதாம் திகதி அவருக்குக் கடைசித் தவணை. நான் அப்போது தற்காலிகச் செய்முறை உதவியாளன். அவருடைய நீர் மாதிரிகளை அளப்பதும் என் வேலை. இருபது நாள் இருக்கையில் துறைத்தலைவர் அருளம்பலம் சேர் அறைக்கு வந்தார்.

"மிஸ், தர மீளாய்வுக்கு ஆக்கள் வருகினம். சமத்துவத்தைப் பற்றின பகுதியை நீங்கள்தான் எழுதித் தரவேணும்."

"சேர், எனக்கு இன்னும் ஒரு அத்தியாயம் கிடக்கு."

"தெரியும் பிள்ளை. ஆனா நான் எழுதினா ஆர் நம்புவினம்? நீங்கள் எழுதினா அதுவே சாட்சி."

"சாட்சி சொல்லிச் சொல்லியே எட்டு வரியம் போச்சு, சேர். இந்த முறை ஏலாது."

சேர் திகைத்துப் போனார். கெட்ட மனிதர் அல்ல. "சரி, விடுங்கோ. நானே பாக்கிறன்" என்று போய்விட்டார்.

மிஸ் என்னைப் பார்த்துச் சிரித்தார். "செந்தூரன், ஏலாது எண்டு சொல்ல இவ்வளவு லேசோ? இந்தக் கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் ஆய்வுகூடத்திலை வையும். முப்பதாம் திகதிக்குப் பிறகு எடுப்பம்."

நான் தூக்கிக்கொண்டு போனேன். அடுத்த நாள் நடந்ததைத்தான் எழுதக் கை கூசுகிறது.

எங்கள் ஆய்வுகூடத்தில் பதிவிலக்கப்படி இரண்டிரண்டு பேராக நின்று பரிசோதனை செய்வார்கள். கீர்த்திகா என்ற முதலாம் வருடப் பிள்ளை என்னிடம் வந்தாள்.

"அண்ணை, என்ரை ஜோடியை மாத்தி விடுங்கோ."

"ஏன், என்ன பிரச்சினை?"

"தாரிகா உங்கடை ஊர்தானே. எவ்விடமெண்டு உங்களுக்குத் தெரியும்தானே." குரலைத் தணித்துக்கொண்டாள். "அவ வாய் வைச்ச பிப்பெற்றிலை நான் எப்படி வாய் வைக்கிறது?"

பிப்பெற் என்ற அந்தக் கண்ணாடிக் குழாயில் ஒருவரும் வாய் வைப்பதில்லை, றப்பர் குமிழால்தான் உறிஞ்சுவோம். அதைச் சொல்லியே அவளைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். எதிர்த்துக் கதைத்தால் "நீங்கள் எவ்விடம் அண்ணை?" என்பாளோ என்று பயந்தேன். ஜோடி மாற்றும் படிவத்தை எடுத்து, 'நேர வசதிக்காக' என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். தாரிகாவுக்கு வேறு ஜோடி கிடைக்கவில்லை. மூலை மேசையில் தனியே நின்றாள்.

ஒரு கிழமை கழித்து அவள் கண் சிவக்க வந்து, "நான் வீட்டை போறன் அண்ணை, இனி வரேல்லை" என்றபோதாவது நான் வாய் திறந்திருக்கலாம். "பஸீனா மிஸ்ஸிட்டைப் போய்ச் சொல்லும்" என்றேன். எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன்.

அரை மணித்தியாலத்தில் மிஸ் என்னைக் கூப்பிட்டார். கதிரை இல்லாததால் தாரிகா சுவரோடு சாய்ந்து நின்றாள். மேசையில் ஆய்வேடு மூடிக் கிடந்தது. அதன்மேல் நான் எழுதிய படிவம்.

"இந்தக் கையெழுத்து உம்மடைதானே?"

"ஓம் மிஸ்."

"என்ன காரணமெண்டு தெரிஞ்சுதான் வைச்சனீரோ?"

தாரிகா என் பக்கம் திரும்பினாள்.

"நீர் எவ்விடம் எண்டு நான் எப்பவாவது கேட்டனானோ, செந்தூரன்?"

"இல்லை மிஸ்."

"இப்பவும் கேக்கேல்லை. போய்க் கதிரையை எடுத்துக்கொண்டு வாரும்."

அதன்பின் எல்லாம் வழமைபோல. மகளைக் கூட்டிக்கொண்டு போகவென்று வந்த தாரிகாவின் தகப்பனோடு கதைக்க இரண்டு நாள். கீர்த்திகா வீட்டார் பீடாதிபதியிடம் கொடுத்த முறைப்பாட்டுக்குப் பதில் எழுத நாலு நாள். பிறகு விசாரணை. என் கையெழுத்துக்கு எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் மட்டும் வந்தது. தாரிகா படிப்பை விடவில்லை, ஜோடியும் கிடைத்தது. முப்பதாம் திகதி வந்தபோது மிஸ்ஸின் கடைசி அத்தியாயம் பாதியில் நின்றது. தவணை நீடிப்புக்குச் சேர் சிபாரிசு செய்தும் மேலிடம் மறுத்துவிட்டது.

தை மாதம் கடிதம் வந்தது. தகுதிகாண் நியமனம் முடிந்தது. ஆறு மாதத்துக்குத் தற்காலிக விரிவுரையாளராக இருக்கலாம். பட்டம் எடுத்தபின், வெற்றிடம் விளம்பரமானால், புதிதாக விண்ணப்பிக்கலாம். கீழே ஒரு வரி: சமத்துவக் குழு இணைப்பாளர் பொறுப்பை அவரே தொடர்வார்.

கடிதத்தை அவர் வாசித்து முடிக்க, உம்மா நஜ்முன்னிஸா போனில் வந்தார். சத்தம் எனக்கும் கேட்டது.

"திரும்பவும் போகச் சொல்லுறாங்களோ மகள்?"

"இல்லை உம்மா. இருக்கச் சொல்லுறாங்கள். அதுதான் பிரச்சினை."

அன்று பின்னேரம் நீலக் கதிரையை நான் கேட்காமலே தூக்கி வந்து என் மேசைக்கு முன்னால் போட்டேன். என் மேசை மிஸ்ஸின் அறைக் கதவுக்கு வெளியே, ஆய்வுகூட உத்தியோகத்தர்கள் இருவரின் மேசைகளுக்கு நடுவே இருக்கிறது.

நேற்று மலைநாட்டில் ஹற்றன் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி வந்தாள்.

"அண்ணே, மிஸ் இருக்காங்களா?"

"மிஸ் எழுதிக்கொண்டிருக்கிறா. இதிலை இரும். என்ன விஷயம்?"

அவள் இருக்கவில்லை. என்னை நம்பலாமா என்று பார்த்தாள். "நீங்க எந்த ஊருண்ணே?"

"புத்தூர்" என்றேன். பக்கத்து மேசைகளில் பேனைகள் நின்றன. "குளத்துக்கு மேற்காலை, சுடலையைத் தாண்டினாப்போலை எங்கடை வீடு."

அவளுக்கு அது வெறும் வழி. அந்த இருவருக்கும் விளங்கிவிட்டது. பிள்ளை மெல்லக் கதிரையில் இருந்தாள்.

"செந்தூரன், ஆரது?" என்று உள்ளேயிருந்து மிஸ்ஸின் குரல்.

"ஒருத்தருமில்லை மிஸ். நீங்கள் எழுதுங்கோ."

உள்ளே அவருடைய கதிரை பின்னால் நகரும் சத்தம் கேட்டது. நான் எழும்பிப் போய்க் கதவுக்கு முன்னால் நின்றேன்.