ரெஜினா வந்தால் காட்டலாம் என்று

ரெஜினா போய்விட்ட செய்தி வந்தபோது, சிதம்பரத்தில், கிள்ளைக்குப் போகும் பேருந்தில் அவளுக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்திருந்தேன். கடலூரிலிருந்து அவள் வர வேண்டும். அவளுடைய அண்ணன்தான் கூப்பிட்டார். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாளாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

அவளை அறிந்த நீங்கள் எல்லோரும் அன்பாக அஞ்சலி எழுதுகிறீர்கள். எனக்கு அவள்மேல் பொறாமை இருந்தது. இப்போதும் இருக்கிறது.

படுத்த படுக்கையாக இருப்பவர்களை நர்ஸ் வீடு தேடிப் போய்ப் பார்க்கும் திட்டம் நிஜமாகவே பயன்படுகிறதா என்று கண்டறிவது எங்கள் வேலை. இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். நான் திட்டம் பற்றி வந்த அறிக்கைகளையெல்லாம் படித்துவிட்டுப் போவேன். அவள் பேருந்தில் ஏறியதும் தூங்கிவிடுவாள். சனங்கள் அவளிடம்தான் பேசினார்கள்.

கிள்ளையில் மீன் விற்கும் தனம் அக்காவின் கணவர் பக்கவாதத்தில் விழுந்தவர். நர்ஸ் எப்படிப் பார்க்கிறார் என்று நான் கேட்டேன். "நல்லா பாக்குறாங்கம்மா" என்றார் அக்கா. குறை சொன்னால் வருவது நின்றுவிடுமோ என்ற பயம். ரெஜினா தரையில் உட்கார்ந்து, நர்ஸ் வருவதற்கு முந்தின நாள் என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

"யாவாரத்துக்கே போறதில்ல. இவர குளிப்பாட்டி, துணி தொவச்சி, வூட்ட கழுவணும். இல்லன்னா நர்சம்மா என்னா நெனைப்பாங்க?"

"மாமியார் வர்ற மாதிரி சொல்றீங்க."

"மாமியா வந்தாகூட இவ்ளோ கழுவ மாட்டேன்."

உதவ வந்த திட்டம் ஒரு நாள் பிழைப்பைத் தின்றுகொண்டிருந்தது இப்படித்தான் தெரிந்தது. எழுதிக் கொடுத்தோம். அதன் பிறகு நர்சுகள், வியாபாரம் முடிந்து வந்து வீட்டைக் கழுவ நேரம் விட்டு, சாயங்காலம் போனார்கள்.

"நல்லாருக்கான்னு கேட்டா நல்லாருக்குன்னுதான்டி சொல்லுவாங்க. நேத்து என்ன பண்ணீங்கன்னு கேளு" என்பாள் ரெஜினா. கேட்டுப் பார்த்தேன். என் வாயில் அது போலீஸ் விசாரணை போல இருந்தது.

அடக்கம் முடிந்த மறுவாரம் கிள்ளைக்குத் தனியாகப் போனேன். கூட வரும் பொண்ணு எங்கே என்று தனம் அக்கா கேட்டார். சொன்னேன். என்னை உள்ளே கூட்டிப் போனார். பிறகு கணவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, போர்வையை விலக்கினார். இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண்.

"நர்சம்மாகிட்ட காட்டல. நாந்தான் சரியா பாக்கலன்னு நெனைப்பாங்க. அந்தப் பொண்ணு வந்தா காட்டலாம்னு இருந்தேன்."

நர்சைக் கூப்பிட்டேன். வந்தார், ஒரு வார்த்தைகூடக் கடிந்து சொல்லவில்லை. புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டு முடிக்கும்வரை தனம் அக்கா என் கையை விடவில்லை. அந்தப் பிடி ரெஜினாவுக்கு உரியது என்று எனக்குத் தெரியும். அவளுடையதில் நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான். விட்டுக்கொடுக்க மாட்டேன்.