வட்டமிட்ட சிவப்புப் புள்ளி

என் அம்மா ராஜலட்சுமி குன்றாண்டார்கோவில் பக்கத்து மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகள் கணக்கு டீச்சர். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் தலைமையாசிரியருக்குப் படிவம் எழுதிக் கொடுப்பதோடு அவர் நிறுத்தமாட்டார். பாடத்துக்கு ஒரு கிராஃப் தாள். மாணவர்களின் சராசரிக்கு நீலப் புள்ளி, மாணவிகளுக்குச் சிவப்பு.

மார்ச்சில் இறந்தார். மூளையில் ரத்தக்கசிவு. இரண்டே நாள்.

பதினாறாம் நாள் படத்திறப்புக்கு, பள்ளி பீரோவில் இருந்த அந்தத் தாள்களைப் பரிமளா டீச்சர் கொண்டுவந்தார். "நீயே எல்லாருக்கும் வெளக்கிச் சொல்லு கார்த்திகா. கோடும் கட்டமும் ஒந்தொழில்தானே."

உண்மைதான். திருச்சியில் டிரான்ஸ்ஃபார்மர் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். கணக்குத் தாளை எடுத்தேன். 1999இல் நீலம் மேலே. 2008இல் கோடுகள் வெட்டிக்கொள்கின்றன. பிறகு சிவப்பு இறங்கவேயில்லை. அதற்கு அடியில் பிளஸ் டூ கணக்குத் தாள். அதிலும் 2011 முதல் சிவப்புதான் மேலே.

2014இல் நானும் என்னோடு இரட்டையாகப் பிறந்த சந்தோஷும் பத்தாவது முடித்தோம். கணக்கில் எனக்கு நூறு, அவனுக்கு எழுபத்தொன்று. அவனுக்குக் கணக்கு உள்ள ஃபர்ஸ்ட் குரூப். எனக்கு வணிகவியல், தேர்ட் குரூப்.

"பத்தாவது வரைக்கும்தான்டி பொம்பளப் புள்ளைக ஓட்டம். பிளஸ் டூ கணக்குல படுத்துருவாளுக. பதினஞ்சு வருசமா பாக்குறேன், எனக்குத் தெரியாதா?" என்றார் அம்மா, என்னைச் சேர்த்துவிட்ட அன்று.

எண்ணைப் பார்த்துப் பேசுகிறவர் என்பதால் நம்பினேன். பிளஸ் டூவில் கணக்கு இல்லாததால், அது முடிந்தபின் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் டிப்ளமோ முதலாண்டில், என்னைவிடச் சின்னப் பையன்களோடு உட்கார்ந்தேன்.

தாளைச் சந்தோஷிடம் காட்டினேன். "அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குடா."

தாளைத் திருப்பிக் கொடுத்தான். "நாந்தான் சொன்னேன். நீயும் அதே கிளாஸுக்கு வந்தா ஸ்கூலுக்கே போகமாட்டேன்னு. ரெண்டு நாள் சாப்புடல. ஞாபகமில்ல?"

"ஒனக்குக் காய்ச்சல்னாங்க."

"அம்மாதான் அப்புடிச் சொல்லச் சொன்னாங்க."

பந்தலில் தலைமையாசிரியர் பேசிக்கொண்டிருந்தார். "பொம்பளப் புள்ளைகளுக்குக் கணக்கு வராதுன்னு சொன்னவங்க வாயை அடைச்சவங்க நம்ம டீச்சர்." பிறகு என்னை அழைத்தார்.

விளக்கினேன். கிடையச்சில் ஆண்டு, செங்குத்தச்சில் சராசரி. முன்வரிசையில் இருந்த பத்தாம் வகுப்பு மாணவி பிளெஸ்ஸி கை தூக்கினாள்.

"அக்கா, 2014 புள்ளியச் சுத்தி மட்டும் வட்டம் போட்டிருக்கே?"

"அந்த வருசம் ஒரு பிள்ளை நூத்துக்கு நூறு."

"சூப்பர். ஃபர்ஸ்ட் குரூப்பா?"

"இல்ல. தேர்ட் குரூப். கணக்கு டீச்சர்தான் சேத்துவிட்டாங்க. பொம்பளப் பிள்ளைக்குக் கணக்கு தாங்காதுன்னு."

சந்தோஷ் எழுந்து வெளியே போனான். பரிமளா டீச்சர் முந்தானையைச் சரிசெய்தார். பிளெஸ்ஸிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அய்ய, அந்த டீச்சருக்கு கிராஃப் பாக்கத் தெரியாதாக்கா?"

மாலைக்கு நடுவே படத்தில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்," என்றேன்.