ஆட்டுக்குக் கிடைத்த ‘நன்று’

என் மனைவியை அடக்கம் செய்து முப்பத்தெட்டு நாட்கள் ஆகின்றன. வரும் ஞாயிற்றுக்கிழமை நினைவுக் கூட்டத்தில், அவளுடைய மறைவின் வழியாகத் தேவன் எனக்குக் கற்றுத்தந்ததை எட்டு நிமிடங்களுக்கு மிகாமல் பகிர்ந்துகொள்ளும்படி சபையார் கேட்டிருக்கிறார்கள். எட்டு நிமிடம் என்பதை இருமுறை நினைவூட்டினார்கள். எதையும் கற்றதாகத் தெரியவில்லை என்றேன். “யோசிச்சுப் பாருங்க சார், ஏதாவது இருக்கும்” என்கிறார்கள், மூக்குக்கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுகிறவனிடம் சொல்வதுபோல.

இந்த வற்புறுத்தல் எனக்குப் புதிதன்று. ஒன்பது வயதில் தொடங்கியது.

அப்பா ஜவ்வாது மலையில், புதூர்நாட்டைச் சேர்ந்த ஒரு சிற்றூரில், உபதேசியாராகவும் ஓராசிரியர் பள்ளியின் வாத்தியாராகவும் இருந்தார். ஊரில் கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது ஒன்றே. விசுவாசத்தை வசனங்களால் அன்று, அன்றாட அனுபவங்களால் அறிவிக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. ஆகவே எங்கள் வீட்டில் எந்த நிகழ்ச்சியும் வெறும் நிகழ்ச்சியாக இருக்க அனுமதிக்கப்படவில்லை. உப்பு தீர்ந்தால் பாடம். அடுப்பு புகைந்தால் பாடம். எனக்கு வயிற்றுப்போக்கு கண்டு நின்ற செய்தி, தேவனின் செயலுக்குச் சாட்சியாகத் திருப்பத்தூர்ச் சந்தை வரை சென்றது. ஒருமுறை பதினெட்டுப் பேர் திணிந்திருந்த ஜீப்பில் பரலோகத்தின் இடுக்கமான வாசலைப் பற்றி ஆரம்பித்தார். புளி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவர், “வாத்தியாரே, மொதல்ல உங்க முட்டிய கொஞ்சம் நவுத்துங்க. பரலோகத்துக்கு அப்பால போலாம்” என்றார். ஜீப்பே சிரித்தது. அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் அதுவும் இடம்பெற்றது.

ஞாயிறு பள்ளியில் மாணவர்கள் இருவர்: நானும் என் தங்கையும். வாரம் ஒருவரிடமாவது எங்கள் அனுபவத்திலிருந்து சாட்சி சொல்லி, அதை ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். தங்கை முதல் வாரமே, ‘ஆட்டிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டது’ என்று எழுதினாள். அப்பா அதன்கீழ் ‘நன்று’ என்று எழுதிக் கையொப்பமிட்டார். என் பக்கம் மூன்று வாரங்களாக வெறுமையாகவே இருந்தது. அந்த ‘நன்று’ எனக்கு வேண்டியிருந்தது.

புதுச் சாமை வீட்டுக்கு வந்ததும், மலையில் எல்லா வீட்டாரும் ஒரே நாளில் பொங்கலிட்டு அம்மனுக்குப் படைப்பார்கள். அதன்பிறகே அந்த ஆண்டுத் தானியம் எவர் வாயிலும் படலாம், கைக்குழந்தைக்கும் விலக்கில்லை. பக்கத்து வீட்டுப் பெண்மணியை நாங்கள் அத்தை என்று அழைப்போம். அவர் ஆண்டுதோறும் எங்களுக்கும் ஒரு தூக்குவாளியில் பொங்கல் தருவார். நாங்கள் குடிவந்த ஆண்டே, படைத்ததை உண்பதில்லை என்று அப்பா அவரிடம் பணிவாகச் சொல்லியிருந்தார். “அதுக்கின்னா, உங்களுக்குத் தனியா எடுத்தாறேன்” என்றாராம். வேறு பானையில் சமைக்கிறார் என்று அப்பா எண்ணிக்கொண்டார். ஒற்றை அடுப்புள்ள அந்த வீட்டில் எத்தனை பானை பொங்கும் என்று அவர் யோசித்ததில்லை. எதிலும் பாடம் காண்கிற மனிதர்.

அந்த ஆண்டுப் பொங்கலன்று காலையில் நான் அத்தை வீட்டு வாசலில் நின்றிருந்தேன். உறவினர்கள் நிறைந்திருந்தார்கள். படையலுக்கான மேளம் கோயிலிலிருந்து இன்னும் புறப்படவில்லை. அத்தை தூக்குவாளியை என்னிடம் நீட்டினார்.

“இந்தா கண்ணு, சூடா கீது. அம்மாகிட்ட குடுத்துடு.”

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மனப்பாடம் செய்திருந்ததை உரக்கச் சொன்னேன். “நாங்க படைச்சத துன்ன மாட்டோம். உங்க சாமி வெறும் கல்லு. என் வயித்துப்போக்க நிறுத்துனது எங்க சாமிதான்.” அப்போது எனக்குக் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தவர் அந்த அத்தைதான். அது சாட்சிக்கு இடையூறாக எனக்குத் தோன்றவில்லை.

அத்தையின் கணவருக்கு அண்ணன் ஒருவர். வீட்டில் அவர் வைத்ததே சட்டம். அவர் அத்தையைப் பார்த்துச் சொன்னார்: “கேட்டுக்கினியா? சாமிக்கு வெக்கறதுக்கு முந்தி இவங்களுக்கு மொண்டு வெச்சியே, வருசா வருசம், நான் வாணாம் வாணாம்னு சொல்லியும். நல்லா வேணும் உனக்கு.”

“சின்னப் புள்ள மாமா, அதுக்கு இன்னா தெரியும்?” என்றார் அத்தை. பிறகு என்னிடம், “நீ போ கண்ணு, நானே குடுத்துக்கறேன்” என்று சொல்லி, எல்லாரும் பார்த்திருக்க, எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு நடந்தார். அம்மா வாங்கிக்கொண்டார். மதியம் நானும் இரண்டுமுறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஞாயிறன்று நோட்டை உரக்க வாசித்தேன். அப்பா பென்சிலுடன் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

“அத்தை என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. அந்த மாமாதான் அத்தைய திட்டுனாரு.”

“என்னன்னு?”

என் ஞாபகசக்தி நல்லது. சொல் பிசகாமல் ஒப்பித்தேன். பென்சில் நின்றது. அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

“எனக்கு மொதல் வருசமே தெரியும்” என்றார் அம்மா. “சொன்னா அதையும் பிரசங்கத்துல சேத்து ஊரெல்லாம் சொல்லிடுவீங்க. அந்த வூட்ல அவங்க வாழ வாணாமா?”

அப்பா எழுந்தார். கழுவிக் கவிழ்த்திருந்த தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து அத்தை வீட்டுக்கு அழைத்துச் சென்றார். வாசலில் நின்று, “அம்மா...” என்றார். அதற்குமேல் வரவில்லை. உப்பு தீர்ந்ததைப் பற்றி அரைமணி நேரம் பேசக்கூடிய மனிதர்.

“இன்னா வாத்தியாரே, சொல்லுங்க” என்றார் அத்தை. அப்பா தூக்குவாளியை இரண்டு கைகளாலும் நீட்டினார். “தோ, இதுக்கா வந்தீங்க? புள்ளகிட்ட குடுத்துவுட்டா ஆவாதா?” என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

திரும்பும் வழியில் பாடம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. அவர் இறக்கும்வரை வரவில்லை.

தூக்குவாளியைக் கொடுத்துவிட்டு வந்த அந்த ஞாயிறு மாலை நோட்டைத் திறந்து பார்த்தேன். என் பக்கத்தின்கீழ் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆட்டிடம் சொன்னதற்கே ‘நன்று’. அத்தனை பேர் நடுவில் அஞ்சாமல் சொன்ன எனக்கு ஒரு சொல்லும் இல்லை. பொறுக்க முடியாத அநியாயமாக அது எனக்குப் பட்டது. மறந்திருப்பார், எப்படியும் எழுதித் தருவார் என்று, அந்தப் பக்கம் மேலே தெரியும்படி நோட்டை மடித்து அவருடைய மேசைமீது வைத்தேன். பல நாட்கள் அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன்.