வழவழப்பான வலை

"வாயைத் திற. நாக்கைத் தூக்கு."

தம்பி திறந்தான், தூக்கினான். மாத்திரை உள்ளே போய்விட்டது. இருந்தும் அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை. அவள் கொடுத்த சிறுநீரகம் அவன் வயிற்றில் இருக்கிறது. அதை உடம்பு அந்நியன் என்று விரட்டாமல் இருக்கத்தான் இந்த மாத்திரை. ஆனால் ஒவ்வொரு பரிசோதனையிலும் ரத்தத்தில் மருந்தின் அளவு சரிந்துகொண்டே வந்தது. "இப்படியே போனா சிறுநீரகம் கைவிட்டுப் போயிடும். ஒழுங்கா சாப்பிடுறாரா? வேற ஏதாவது மருந்து எடுக்கிறாரா?" என்று டாக்டர் கேட்டார். வேறு எதுவும் இல்லை என்று தம்பி தலையை ஆட்டினான். அப்படியென்றால் துப்புகிறான், வேறென்ன? அக்கா முடிவு கட்டிவிட்டாள்.

சரியான முன்கோபி அவள். பள்ளியில் உயிரியல் எடுக்கிறாள். செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலையை அத்தனை ஆசையாக நடத்துவதால் பிள்ளைகள் வைத்த பெயர் வலை டீச்சர். காதில் விழுந்தாலும் விழாத மாதிரி போய்விடுவாள், உள்ளுக்குள் குளிரும்.

அன்று காலை வாய் மீறிப் போனது. "உனக்கு வேண்டாம்னா சொல்லிடு. என்னோடதை நானே திருப்பி வாங்கிக்கிறேன்."

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தான். துணியில் ஆரஞ்சு நிறத்தில் ஈரம் படிந்தது. பெயின்ட் கடையில் வேலை, கை கழுவாமலே கண்ணைத் தொட்டிருப்பான் என்று அதற்கும் ஒரு திட்டு திட்டிவிட்டுப் பள்ளிக்குப் போனாள்.

கரும்பலகையில் உட்கருவை வரைந்தாள். அதன் உறையிலிருந்தே தொடங்கும் சவ்வுகளை, மடித்து வைத்த போர்வைபோல அடுக்கடுக்காக இழுத்தாள். அவற்றின் மேல் புள்ளி புள்ளியாக ரைபோசோம் ஒட்டியிருந்தால் சொரசொரப்பான வலை, புரதம் தயாராகும் இடம். அதற்கப்பால், புள்ளியே இல்லாத குழாய்களாக, வழவழப்பான வலை.

"டீச்சர், புள்ளி இருக்கறது வேலை செய்யுது. இது சும்மா வழவழன்னு உட்கார்ந்திருக்கா?" என்றாள் முன்பெஞ்சு வாயாடி. வகுப்பே சிரித்தது.

"சும்மாவா? கொழுப்புப் பொருள் செய்யறது யாரு? கல்லீரல்ல, நாம முழுங்குற மருந்தை உடைக்கிறது யாரு? சில மருந்து உள்ளே வந்தா இந்த வலையே பெருகிடும். உடைக்கிற நொதியும் பெருகும். அப்புறம் அந்த ஒரு மருந்தோட நிக்குமா? கூட வர்ற மருந்தையும் சேர்த்து..."

சாக்பீஸ் அப்படியே நின்றுவிட்டது. வருடா வருடம் சொல்கிற வாக்கியம்தான். அந்த ரகத்தில் ஒரு மருந்து கண்ணீரையே ஆரஞ்சாக்கும், காசநோய்க்குக் கொடுப்பது. அதுவும் அவள் படித்ததுதான். கைக்குட்டை கண்முன்னே வந்தது. துப்பவில்லை அவன், இந்த வலைதான் மாத்திரையை உடைத்துத் தீர்க்கிறது. வராந்தாவுக்கு ஓடி, தம்பிக்குப் போன் போட்டாள்.

"நெஞ்சுக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுறியா? பொய் சொன்னே, கொன்னுடுவேன்."

மறுமுனையில் கடை இரைச்சலுக்கு நடுவே மெதுவாக வந்தது குரல். "ஆமாக்கா. காசநோயாம். வேற ஆஸ்பத்திரில குடுத்தாங்க. அங்க ஆபரேஷன் பத்தி சொல்லல. இங்க இதைச் சொல்லல."

"ஏன்டா?"

"உன் உடம்பை அறுத்துக் குடுத்தே. அதையும் வாங்கிட்டு, இன்னொரு சீக்கையும் இழுத்துட்டு வந்து நிக்கிறேன்னு எந்த முகத்தோட சொல்றது?"

"எதையும் நீயா நிறுத்தாத. நான் வர்றேன்" என்று மட்டும் சொன்னாள்.

டாக்டர் நெஞ்சு மருந்தை மாற்றினார், சிறுநீரக மருந்தைக் கூட்டினார். ஆனால் பெருத்த வலை ஒரே நாளில் இளைத்துவிடுமா? அடுத்த பரிசோதனையிலும் அளவு ஏறவில்லை. அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கும் அடுத்ததில்தான் ஏறியது. "தப்பிச்சாச்சு" என்றார் டாக்டர்.

மறுநாள் காலை மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினாள். தம்பி விழுங்கினான். விழுங்கியதும், யாரும் கேட்காமலேயே, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினான்.

அவள் அவன் தாடையைத் தொட்டு மேலே தள்ளினாள். "மூடுடா" என்றாள்.